வாட் கேட்பதற்கு முன் மில்லி செக்கனைக் கேளுங்கள்

பவர் சப்ளை வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கிற முதற்கேள்வி "எத்தினை வாட்?" என்பதுதான். கொழும்பு யூனிட்டி பிளாசாவிலும் அதுதான், யாழ்ப்பாணம் நகரக் கடைகளிலும் அதுதான். விடை சொல்லப் பெரிய படிப்புத் தேவையில்லை. நல்லூரில் முப்பரிமாணக் காட்சிகள் செய்து கொடுக்கும் நண்பர் ஒருவருக்காகப் பூட்டிய இயந்திரத்தில் ஏஎம்டி திரெட்ரிப்பர் 7970எக்ஸ் இருக்கிறது. அதற்கு 350 வாட். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450. நினைவகம், சேமிப்பு, விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 100. ஆக 900 வாட்.

இந்த இடத்தில் கணக்குத் தெரிந்தவர் 1000 வாட் போதும் என்பார். ஜேர்மனியிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

குடாநாட்டு மின்சாரத்தின் கதை வேறு. 1990இல் போரோடு தேசிய மின்கட்டமைப்பில் இருந்து அறுந்துபோன யாழ்ப்பாணம், 2013இல் கிளிநொச்சி–சுன்னாகம் பாதை வந்த பிறகுதான் மீண்டும் ஒழுங்காக அதனுடன் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டிய தலைமுறைக்குக் கரண்ட் இல்லாமல் வாழத் தெரியும். ஆனால் திரெட்ரிப்பருக்குத் தெரியாது. கட்டமைப்பில் சேர்ந்ததால் தெற்கின் நோயும் நமக்குத் தொற்றும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதாகச் சொன்னார்கள், பருத்தித்துறையில் விசிறி நின்றது.

நீண்ட வெட்டு உண்மையில் பெரிய சிக்கல் இல்லை. அதற்கு ஆயத்தமாகலாம். சோளகக் காற்றில் பனையோலை கம்பியில் உரசி, கண் சிமிட்டும் நேரத்துக்குக் கரண்ட் போய்வருகிறதே, அதுதான் இரவு முழுக்க ஓடிய ரென்டரைக் கொல்லும்.

அந்தக் கணத்தில் இயந்திரத்தைத் தாங்குவது பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர். வெளியே மின் நின்ற பிறகும் அதில் மிஞ்சியிருப்பதை வைத்துச் சில மில்லி செக்கன்கள் ஓட்டும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு அலை 20 மில்லி செக்கன். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, 80 வீதச் சுமையில் 17 மில்லி செக்கனும், முழுச் சுமையில் 12 மில்லி செக்கனும் தாக்குப்பிடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த 3.1, கிராபிக்ஸ் கார்ட்டுக்கான இணைப்பியைத் திருத்தி நல்லது செய்தது. ஆனால் இந்த நிபந்தனையைத் தளர்த்தி 12 போதும் என்று விட்டது. பெட்டியில் புதிய இலக்கம் இருப்பதால் மட்டும் அது நமக்கு நல்லது என்றாகிவிடாது.

இப்போது 900 வாட்டுக்குத் திரும்பினால், 1000 வாட் பெட்டியில் அது 90 வீதச் சுமை. 1200 வாட் பெட்டியில் 75 வீதம், அதாவது 17 மில்லி செக்கன் உறுதியாகக் கிடைக்கும் எல்லைக்குள். கூடுதலாக வாங்கும் 200 வாட்டை நாம் ஒருபோதும் எரிக்கப்போவதில்லை. அந்தக் காசுக்கு வருவது ஐந்து மில்லி செக்கன்.

ஐந்துதானே என்று தோன்றும். வீட்டு இன்வெர்ட்டரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். சோலாரோடு வரும் பல ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில் இரண்டு தெரிவுகள் இருக்கும். யூபிஎஸ் நிலையில் மாறும் நேரம் 10 மில்லி செக்கன், வீட்டு உபகரண நிலையில் 20. 10ஐ 12 நூலிழையில்தான் தாண்டும், 17 நிம்மதியாகத் தாண்டும். 20க்கு இரண்டுமே உறுதியில்லை. நண்பர் வீட்டில் ரென்டரை ஓட்டிவிட்டு மெயின் சுவிச்சை இறக்கிப் பார்த்தோம். உபகரண நிலையில் இயந்திரம் செத்து மறுபடி எழும்பியது. யூபிஎஸ் நிலைக்கு மாற்றிய பிறகு திரையில் ஒரு சலனமும் இல்லை. பொருத்த வந்தவர் மாற்றாமல் விட்டுப்போன ஒரு அமைப்பு, அவ்வளவுதான். சோலார் வைத்திருப்போர் முதலில் இதைப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம்.

மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன: கோர்செயர் எச்எக்ஸ்1200ஐ (2023 பதிப்பு), சீசோனிக் வேர்டெக்ஸ் ஜிஎக்ஸ்-1200. இரண்டும் ஏடிஎக்ஸ் 3.0, இரண்டுக்கும் நிறுவனம் சொல்வது பத்தாண்டு உத்தரவாதம். கோர்செயர் பிளாட்டினம் தரம், சீசோனிக் கோல்ட்.

கோர்செயரில் எனக்கு உண்மையில் ஆசை பிறந்தது ஒரு சின்ன விசயத்தில். யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசும். எவ்வளவு வாட் இழுக்கிறது, உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டும். லினக்ஸில் ஓட்டினால் சுவரில் இருந்து வரும் வோல்ட் அளவையும் வாசிக்கலாம். இலங்கையில் சட்டப்படி வரவேண்டியது 230 வோல்ட், கூடியோ குறைந்தோ 6 வீதம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மத்தியானம் ஊர்க் கூரைகளின் சோலார் எல்லாம் கம்பியில் ஊற்றும்போது அந்த இலக்கம் ஏறுவதையும், பொழுதுபட இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு பைத்தியச் சுகம் உண்டு. வேலை செய்யும்போது வாட் இலக்கம் நாங்கள் போட்ட 900ஐ எட்டவேயில்லை. செயலியும் கிராபிக்ஸ் கார்ட்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் நிற்பது அபூர்வம்.

சீசோனிக்கில் இந்த வித்தை எதுவும் இல்லை. பின்னால் ஒரு பொத்தான், சுமை குறைந்தபோது விசிறி நிற்கலாமா வேண்டாமா என்பதற்கு. அவ்வளவே. 4090க்கான 16 முனை வயர் நேராகவே பவர் சப்ளையில் ஏறுகிறது. 2022இல் உருகிய இணைப்பிகளின் படங்களைப் பார்த்தவர்கள், வயரை முழுக்க அழுத்தி ஏற்றியபின் வளைவுக்குக் கொஞ்சம் இடம் விடவேண்டும்.

பிளாட்டினம், கோல்ட் பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். 230 வோல்ட்டில் பாதிச் சுமையின்போது கோல்டுக்கு 92 வீதச் செயற்திறன், பிளாட்டினத்துக்கு 94. 600 வாட் எரியும்போது வித்தியாசம் 14 வாட் அளவில். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு முன்னூறு நாள் ஓட்டினால் முப்பத்துச் சொச்சம் அலகு. விலை வித்தியாசத்தை அதில் மீட்கப் பத்தாண்டு உத்தரவாதமும் போதாது. அவற்றுக்கும் மேலான டைட்டேனியம் தரம் யாழ்ப்பாணத்தில் வெறும் ஆடம்பரம்.

ஆகவே நண்பரின் இயந்திரத்தில் ஏறியது சீசோனிக். மிஞ்சிய காசு யூபிஎஸ்ஸுக்குப் போனது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 650 விஏ யூபிஎஸ் உண்மையில் தாங்குவது 400 வாட்டுக்கும் குறைவு. 900 வாட் வேலைக்குச் சுவரில் இருந்து 980 வாட் அளவில் இழுக்கப்படும். 2000 விஏக்குக் கீழே யோசிக்கவேண்டாம். விஏ இலக்கத்தை விட்டுப் பக்கத்தில் சின்னதாக இருக்கும் வாட்டைப் பாருங்கள். தூய சைன் அலை தருவதாக இருக்கவேண்டும். சதுர அலை தரும் மலிவு யூபிஎஸ்களில் இன்றைய நல்ல பவர் சப்ளைகள் சில முரண்டு பிடித்து நின்றுவிடும். ஒன்லைன் வகை வாங்க முடிந்தால் மாறும் நேரம் என்ற பேச்சே இல்லை, வோல்ட்டையும் அதன் முகப்பிலேயே காட்டும். கோர்செயர்மீது எனக்கிருந்த ஆசை அதோடு தீர்ந்தது.

பழைய வீடுகளில் இன்னும் 5 அம்பியர் உருண்டை முனைப் பிளக்குகள் இருக்கின்றன. 980 வாட் என்பது 230 வோல்ட்டில் 4.3 அம்பியர். வோல்ட் 180க்கு இறங்கினால் பவர் சப்ளை சளைக்காமல் அதே வாட்டை இழுக்கும், அம்பியர் 5.4க்கு ஏறும். மொனிற்றரும் அதே பிளக்கில் என்றால் சூடாகிக் கருகும். 13 அம்பியர் சதுர முனைக்குத் தனி வயர் இழுப்பது எலக்ட்ரீசியனுக்கு அரை நாள் வேலை. அவர் வந்த கையோடு ஏர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். சில அடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும் ஊர்களில் ஏர்த் கம்பி பேருக்கு நிற்பதுண்டு. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு மெயின் போர்ட்டில் ஒரு சேர்ஜ் பாதுகாப்பும் வேண்டும். கம்பத்தில் நியூட்ரல் கழன்றால் 400 வோல்ட்டுக்குக் கிட்ட வீட்டுக்குள் வரலாம், அதை எந்தப் பிராண்டும் தாங்காது.

சீசோனிக்கின் அந்தப் பொத்தானை விசிறி எப்போதும் சுற்றும்படி வைத்தேன். சத்தத்துக்காக விசிறியை நிறுத்துவது குளிர்நாட்டு வசதி. கப்பாசிட்டர் பத்துப் பாகை குறைந்த சூட்டில் ஏறத்தாழ இரு மடங்கு காலம் வாழும், நம் சித்திரை வெயிலில் குளிரூட்டி இல்லாத அறையில் அது பெரிய விசயம். இன்னொரு காரணம், நின்றுபோன இளஞ்சூடான பெட்டி பல்லிக்குப் பிடித்தமானது.

கனடாவில் இருந்து வரும் மச்சானிடம் சொல்லி எடுப்பிக்கலாமா என்று நண்பர் கேட்டார். எடுப்பிக்கலாம், இவை 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே சரிசெய்துகொள்ளும், சுவர் வயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பழுதானால் இரண்டு கிலோப் பெட்டியை ரொறன்ரோவுக்கு யார் தூக்கிப்போவது? உள்ளூர் முகவர் மூன்றாண்டு உத்தரவாதம் எழுதித் தந்தாலும் அதுவே மேல். எங்கே வாங்கினாலும், பழைய பவர் சப்ளையின் வயர்களைப் புதியதில் பூட்டாதீர்கள். முனைகள் ஒன்றுபோல இருக்கும், உள்ளே வயர் ஓடும் ஒழுங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. முதலில் எரிவது ஹார்ட் டிஸ்க்.