வெல்டிங் தெரிந்தவள் பார்த்த சிற்பம்

இஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்தின் தோட்டத்தில் ஓர் உலோகச் சிற்பத்தின் முன் என் மாணவிகள் நின்றிருந்தார்கள். ஒருத்தி மட்டும் அதன் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். “இங்க பாருங்க மேடம், வெல்டிங் வச்ச இடம் தெரியுது” என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு ஓராண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஸ்பாட் வெல்டிங் இயந்திரத்தின் முன் நின்றவள் அவள். அந்த ஓராண்டுச் சம்பளத்தில்தான் கல்லூரிக்கு வந்தாள்.

பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் போன்ற சென்னைச் சிற்பிகள் உலோகத் தகட்டில் செய்த உருவங்கள், கோயில் கவசங்களைப்போல முன்னிருந்து பார்ப்பதற்கானவை என்பது விமர்சகர்களின் வழக்கமான கூற்று. நானும் அப்படித்தான் சொல்லிக் கூட்டிவந்தேன். பின்பக்கம் போனவள் எனக்கு வேறொன்றைக் காட்டினாள். அருங்காட்சியகத்துக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. எந்தக் கைகள் அதைச் செய்தன, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

சோழமண்டலத்தின் பின்பக்கத்தில் இருப்பது கைவினை. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலத்தில், துணியில் மெழுகு தடவிச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலையிலும் பிற கைவினைகளிலும் இறங்கினார்கள். அந்த வருமானத்தைச் சேர்த்து 1966இல் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். புரவலருக்காகக் காத்திராமல் கலைஞர்கள் தாங்களே உண்டாக்கிய குடியிருப்பு என்ற பெருமை அதற்கு உண்டு. 2009இல் அங்கே திறக்கப்பட்ட சமகாலக் கலை மையம், சென்னை இயக்கம் என்று அழைக்கப்படும் தலைமுறையின் படைப்புகளை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறது. இது சிறிய காரியமல்ல. எல்லாம் ஏலத்துக்கும் பணக்காரர் வரவேற்பறைக்கும் போயிருந்தால் என் மாணவிகள் எதைப் பார்த்திருப்பார்கள்?

ஆனாலும் ஒரு கணக்கு நேராகவில்லை. துணிக்குச் சாயமேற்றுவதையும் தைப்பதையும் பின்னுவதையும் வீட்டில் பெண்கள் செய்தால் அது கைவேலை, பொழுதுபோக்கு. அதையே ஓவியர்கள் செய்தால் கலையைக் காப்பாற்றிய தியாகம். நிலத்தை வாங்கித் தந்தது கைவினை. வரலாற்றில் இடம்பிடித்தது ஓவியம். எதைக் கலை என்று மேலே வைப்பது, எதை வேலை என்று கீழே வைப்பது என்ற வரிசையை இந்தக் கிராமத்தின் பிறப்பே கலைத்துப் போட்டிருக்க வேண்டும். நம் கலை எழுத்து அந்த வரிசையை அப்படியே விட்டுவைத்தது.

சென்னை இயக்கம் என்றதும் நாம் அடுக்கும் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பணிக்கர், தனபால், முனுசாமி, சந்தானராஜ், ஆதிமூலம், ஜானகிராம், நந்தகோபால். மூச்சு வாங்கிய பிறகே சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியர் அர்னவாஸ் என்று வருகிறோம். பணிக்கரிடம் படித்த டி.கே. பத்மினி, பெண்ணுடலைப் பெண்ணின் பக்கமிருந்து வரைந்தவர். 1969இல், முப்பது வயது ஆவதற்குள், பிரசவத்தின்போது இறந்துபோனார். எந்த ஆண் ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பிலும் எழுத முடியாத வாக்கியம் இது.

பணிக்கருக்கு முன் அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. பாறையை நகர்த்தும் நான்கு பேரும் ஆண்கள். உழைப்பு என்றதும் சென்னைக்கு நினைவில் வரும் உருவம் அதுதான். விடிகாலையில் கும்மிடிப்பூண்டிச் சாலையோரம் கம்பெனி வேனுக்காகக் காத்து நிற்கும் பெண்கள் அந்த உருவத்தில் இல்லை.

நகரத்தின் பண்பாட்டு வாழ்க்கை என்று பேசுகிறோம். நகரத்தின் எந்தப் பக்கம்? சோழமண்டலமும், அதற்கும் தெற்கே முட்டுக்காட்டில் 1996 முதல் இருக்கும் தட்சிணசித்ராவும் கிழக்குக் கடற்கரைச் சாலையில். வடக்கே எங்களுக்கு வந்தவை இரும்பு உருக்கும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும். கலை இல்லாத மண்ணல்ல இது. பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காடு எங்கள் மாவட்டத்தில்தான். அவ்வூரின் புகழ்பெற்ற செப்பு நடராசர் இருப்பதோ எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில்.

அன்று நாங்கள் கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பேருந்து மாறிப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. திரும்புகையில் இருட்டியது. “எங்கடி இருக்க?” என்று வீடுகளிலிருந்து போன் மேல் போன். வாரத்தில் ஒரே நாள் விடுமுறை கிடைக்கும் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் துவைக்க வேண்டிய துணியும் பிடிக்க வேண்டிய தண்ணீரும் காத்திருக்கின்றன. நுழைவுச்சீட்டின் விலையை மட்டும் வைத்து ஓர் அருங்காட்சியகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

தனியார் இடத்திடம் இதையெல்லாம் கேட்கலாமா என்பார்கள். ஒரு செல்வரின் சேகரிப்பாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். சோழமண்டலம் கூட்டு உழைப்பில் பிறந்த இடம். அந்த உரிமையில் கேட்கிறேன். பாத்திக் துணி ஓவியத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே வெளிச்சத்தில் தொங்கட்டும். பத்மினியும் அர்னவாஸும் அனிலா ஜேக்கப்பும் துணைப்பெயர்களாக இல்லாமல் அந்தக் காலத்தைச் சொல்லும் முதல் பெயர்களாக வரும் ஒரு காட்சி நடக்கட்டும். ஆண்டுக்கு ஒரு வாரமாவது சில படைப்புகள் வடக்கே வரட்டும். ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூட அறை போதும். ஷிப்டு முடிந்த பிறகும் அது திறந்திருக்க வேண்டும்.

பார்த்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் அந்தச் சிற்பத்தின் முகத்தையும் ஆபரணங்களையும் பற்றி எழுதினார்கள். அவள் எழுதியது, எந்தத் தகட்டை முதலில் பிடித்திருப்பார்கள், எதை அதன்மேல் சேர்த்திருப்பார்கள், கை எங்கே சுட்டிருக்கும் என்பதை. அந்தச் சிற்பங்களைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இது இல்லை.