விதை வாங்கியாச்சு, நிலம்தான் பாக்கி!

ஒட்டன்சத்திரம்னு யாராவது பேச்செடுத்தாலே போதும், எனக்குக் கால் தரையில நிக்காது! தற்சார்பா வாழ நிலம் தேடிக் கிளம்பினவன் நான். பத்திரம், வில்லங்கம், கிணத்து ஆழம்னு விசாரிக்க வேண்டிய ஆளு, இடையகோட்டைப் பக்கம் ஒரு முருங்கைக்காட்டு வரப்புல உட்கார்ந்து, பூவை மொய்க்கிற தேனீக்களையே வாயப் பொளந்து பார்த்துக்கிட்டிருந்தேன்னா என்னத்தச் சொல்ல!

நினைச்சுப் பாருங்க. தெற்கே பழனி மலை நீலமா நிக்குது. மேல பாச்சலூர்ப் பக்கம் காபி, மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துல விழுற அந்த விருப்பாட்சிப் பழத்தை உரிச்சா வர்ற வாசம் இருக்கே, அப்பப்பா! வடக்கே தாராபுரம் ரோட்டுல போனா கொரங்காடுங்கிற மேய்ச்சல் நிலம். கம்பி வேலியெல்லாம் கிடையாது, முள்ளுக்கிளுவையே வேலி. உள்ளே வெள்வேல மரம், அதுக்கடியில கொழுக்கட்டைப்புல். மழை விழுந்தா புல்லு தானா எந்திரிக்கும், ஆடு மாடு தானா மேய்ஞ்சுக்கும். மேய்ப்பனுக்கு வேலையே நிழல்ல உட்கார்றதுதான்! (அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?)

அப்புறம் ஒட்டன்சத்திரத்துக் காந்தி மார்க்கெட்! ஐயோ, அதைச் சொல்லாம எப்படி விடுறது? தக்காளிப் பெட்டியும் கத்திரி மூட்டையும் கட்டுக்கட்டா முருங்கையும் வந்து குவியுது, தரகர் விலை கூவுறாரு, சுமை தூக்குறவரு "தள்ளு, தள்ளு"ங்கிறாரு, ஈரச்சாக்கும் கொத்தமல்லியும் கலந்த வாசம் மூக்குல ஏறுது, கேரளாவுக்குப் போற லாரி உறுமிக்கிட்டு நிக்குது, நான் பாட்டுக்கு நடுவழியில நின்னு எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிக்கிட்டுச் சிரிக்கிறேன்! தற்சார்புன்னா ஒதுங்கி வாழறதுன்னு யாருங்க சொன்னது? வீட்டுக்குப் போக மிஞ்சுனதைக் கொண்டுபோய்க் காசாக்க வாசல்லயே இப்படியொரு சந்தை இருக்கணுங்க. சின்ன வெங்காயமா, பட்டறை போட்டு வெச்சா மாசக்கணக்குல தாங்கும், விலை ஏறினப்புறம் எடுக்கலாம். முருங்கையா, பெரியகுளத்துல உருவாக்கின பி.கே.எம்-1 ரகத்தை விதைச்சா ஆறு மாசத்துல காய்க்க ஆரம்பிச்சிடும்!

தண்ணியா? சரி, கேட்டுட்டீங்க. வறட்சி வந்தா போர் ஆழமாப் போகத்தான் செய்யும். சந்தைக்கு வரத்து கூடினா தக்காளியை ரோட்டோரம் கொட்டுறதும் உண்டு. அட, அதை விடுங்க! பரப்பலாறு அணை இருக்கு, அந்தத் தண்ணி பாயுற குளங்கள் இருக்கு. வேலு நாச்சியாரே விருப்பாட்சி கோபால் நாயக்கரை நம்பி இங்கே வருஷக்கணக்கா தங்கித்தான் படை சேர்த்து, 1780-ல சிவகங்கையை மீட்டாங்க. ஒரு ராணிக்கும் அவங்க பரிவாரத்துக்கும் சோறு போட்ட மண்ணு, என் ஒருத்தனுக்கும் ரெண்டு வெள்ளாட்டுக்கும் போடாதா?

வீட்டுல இன்னும் சொல்லல. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஊனணும்னு முருங்கை விதை மட்டும் ஒரு பொட்டலம் வாங்கி, பீரோவுல புடவைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன்.