போகரும் லாவோட்சேயும் ஒருவரா?

சீன ஞானி லாவோட்சே வேறு எவருமல்லர், பழநியில் நவபாடாணத் திருவுருவைச் சமைத்தவராகக் கூறப்படும் நம் போகரே என்னும் கூற்று, வடசிலாங்கூர்த் தோட்டக் கோயில்களின் திருவிழாச் சொற்பொழிவுகளில் அவ்வப்போது செவியில் விழுகின்றது. ஈஜோக் பக்கத்தில் அதனைக் கேட்டுவந்த மாணவன் ஒருவன் மறுநாள் வகுப்பில், "ஐயா, சீனர் கும்பிடும் லாவோட்சே தமிழர்தானே?" என்று வினவினான். ஆசிரியன் இதற்கு மழுப்பலாக விடை கூறலாகாது.

முதற்கண் காலத்தை நோக்குவோம். போகர் சீனம் சென்ற செய்தி 'போகர் ஏழாயிரம்' என்னும் நூலில் வருகின்றது. அதன் நடையோ பேச்சு வழக்கு மலிந்த பிற்காலத் தமிழ். தாவோ தே சிங் பகுதிகள் பொறித்த மூங்கில் ஏடுகளோ, 1993இல் சீனத்துக் குவோடியன் கல்லறையொன்றில் கிடைத்தன. அவை ஏறத்தாழக் கி.மு. 300ஐச் சார்ந்தவை. இரு நூல்களுக்கும் இடைவெளி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மிகுதி. மேலும், தமிழர் சீனம் சென்றார் என்பார் ஒரு சாரார். சீனரே இங்கு வந்து போகரானார் என்பார் மற்றொரு சாரார். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம்?

லாவோட்சே சௌ அரசின் ஏட்டுக் காப்பாளர். அரசு நலிவது கண்டு மேற்றிசை ஏகுங்கால், எல்லைக் காவலன் வேண்ட ஐயாயிரம் எழுத்துகளில் நூல் செய்தார். இவ்வாறு கி.மு. 100ஐ ஒட்டி எழுதிய சுமா சியன், லாவோட்சே வேறொருவராகவும் இருக்கலாம் எனத் தாமே ஐயுறுகின்றார். பிற்காலத்துத் தாங் மன்னர்கள் அவரைத் தம் குலமுதல்வர் என்றனர். வேறு சிலர் அவரே மேற்கே சென்று புத்தரானார் என்றும் எழுதினர். பெரியோரைத் தம்மவராக்கும் வேட்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று.

இரசவாதமும் மூச்சுப் பயிற்சியும் ஒத்திருப்பதைச் சிலர் சான்றாக்குவர். தாவோ சமயத்தில் இரசவாதம் வளர்ந்தது பிற்காலத்தில். லாவோட்சே நூலில் மருந்து முடிக்கும் முறை ஒன்றுமில்லை.

மெய்யான ஒப்பீடு வேறிடத்தில் உள்ளது. தீமைக்கு நன்மையே செய்க என்கிறது தாவோ தே சிங்கின் 63ஆம் பகுதி. திருக்குறளின் 314ஆம் பாட்டும் அதனையே கூறுகின்றது. ஆயினும் நோக்கம் வேறு. தீமை செய்தவன் நாணவேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. பெரிதாகுமுன் சிறிதாயிருக்கும்போதே எதனையும் தீர்க்கவேண்டும் என்பது சீனர் கருத்து. கல்வியைப் பற்றியோ இருவரும் முற்றும் மாறுபடுவர். கற்றலை விட்டொழித்தால் கவலையில்லை என்கிறார் லாவோட்சே. வள்ளுவரோ கல்வியைக் கண் என்கிறார். பால்மரத்தடியில் வாழ்ந்தோரின் மக்கள் எழுத்தறிவால் தலைநிமிர்ந்ததைக் கண்ட நான், இவ்வொன்றில் வள்ளுவர் பக்கமே நிற்பேன்.

இருவரையும் ஒருவராக்கினால் இந்த ஒற்றுமையும் வேற்றுமையும் கண்ணுக்குத் தோன்றா. ஆதலின் அம்மாணவனுக்கு நான் கூறிய விடை இதுவே: "லாவோட்சே சீனர், அவர் சொன்னதில் நமக்கும் பங்குண்டு." அண்டை வீட்டார் பெருமையை அவர்தம் பெயராலேயே போற்றுவதே தமிழ்ப் பண்பாகும்.