புலிக்கும் ஆட்டுக்கும் ஒரு நியாயம்

இராஜபாளையத்தை அடுத்த தேவதானத்தில் எழுந்தருளியிருக்கும் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியின் திருநாமமே ஒரு யுத்த தந்திரத்தின் கதையைச் சொல்வது: பாண்டியனைப் போர்க்களத்தில் வெல்ல மாட்டாத சோழன் நஞ்சு தோய்ந்த ஆடையைப் பரிசென்று அனுப்ப, அந்த ஆபத்தினின்று இறைவன் காத்தருளினான் என்பது தலபுராணம். பலத்தால் ஆகாததைச் சூழ்ச்சியால் சாதிக்கும் அந்தச் சாமர்த்தியத்தை, எவருக்கும் தீங்கின்றி, சில கோடுகளையும் கூழாங்கற்களையும் கொண்டே அனுபவிக்கச் செய்யும் அற்புத சிருஷ்டியொன்று நம்மிடம் உண்டு. அதுதான் ஆடுபுலி ஆட்டம். 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டின் அடிவாரத்தில் ஆடு மேய்த்து வாழும் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு வேறென்ன இருக்க முடியும்!

புலி மூன்று, ஆடு பதினைந்து, கோடுகள் கூடும் புள்ளிகள் இருபத்துமூன்று. ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கும். பதினைந்தும் இறங்கித் தீரும்வரை ஓர் ஆடும் நகரலாகாது. புலியோ அப்போதே உலாவத் தொடங்கி, அடுத்த புள்ளி காலியாயிருந்தால் ஆட்டைத் தாண்டி வெட்டிவிடும். வெட்டும் உரிமையற்ற ஆடுகளுக்கு உள்ள ஒரே ஆயுதம், ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நின்று புலியை அசையவிடாமல் அடைத்துவிடும் ஒற்றுமைதான். இரு பக்கத்துக்கும் படையும் வேறு, விதியும் வேறு, வெற்றியின் லட்சணமும் வேறு. ஆயினும் தேர்ந்த இருவர் அமர்ந்தால் வெற்றி யாருக்கென்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரு புலியைக் கூட்டினாலும், சில ஆடுகளைக் குறைத்தாலும் தராசு சாய்ந்துவிடும். பெயர் தெரியாத எத்தனை பேர், எத்தனை தலைமுறை ஆடி ஆடித் திருத்தி இந்தக் கணக்கைக் கண்டார்களோ!

ஆடி ரசிப்பவன், "இந்த விதி ஏன் இப்படி?" என்று கேட்கும் கணத்தில் ஆட்டத்தைப் படைப்பவனாகத் தொடங்குகிறான். அப்படித்தான், அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே பொம்மைப் படைகளை மேசையில் அணிவகுத்துப் போர் ஆடிய கேரி கைகாக்ஸ், 1971-இல் அத்தகைய போருக்கு விதிநூல் ஒன்றை நண்பரோடு வெளியிட்டார்; படை முழுவதையும் நடத்துவதற்குப் பதிலாக ஒரேயொரு வீரனாக நின்று ஆடும் முறையை டேவ் ஆர்னெசன் கொண்டுவர, இருவர் பெயராலும் 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' புதியதோர் ஆட்ட வகைக்கே தாயாயிற்று. நம் சென்னையிலோ, வினிதா சித்தார்த்தா 2002-இல் தொடங்கிய 'கிரீடா', மரபு விளையாட்டுகளைத் தேடியெடுத்து இக்காலத்துப் பெட்டிகளில் அடைத்துத் தரும் தொழிலாகவே நிலைத்துவிட்டது.

ஆட்டம் படைக்கும் தொழிலின் கடினமான அப்பியாசம், எழுதிய விதிகளை அறியாதவர் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் தடுமாறும்போதும் வாய் திறவாமல் அருகில் அமர்ந்திருப்பதே; ஆட்டத்தின் குறை அங்கேதான் வெளிப்படும். கோடு வரையும் திறமையைவிட இந்தப் பொறுமையையே நான் உயர்வாக மதிக்கிறேன். அடுத்த முறை ஆடுபுலி ஆடும் இளைஞர்கள் ஒரே ஒரு விதியை மாற்றி ஆடிப் பார்க்க வேண்டும். விளைந்ததைத் தவறாமல் குறித்தும் வைக்க வேண்டும்.