வாசித்தலும் கேட்டலும்: பாரத வாசிப்பு முதல் ஒலிநூல் வரை

ஆய்வுச்சுருக்கம்
ஒலிநூலைக் கேட்பது வாசிப்பாகுமா என்னும் வினாவைத் தமிழ்ச் சொல்வழக்கு, வடதமிழகப் பாரத மரபு ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒலிநூல், கேள்வி, பாடங்கேட்டல், பாரத வாசிப்பு.

முன்னுரை
கண்வழிக் கற்பதே வாசிப்பு, செவிவழிக் கேட்பது அதன் நிழலே என்னும் கருத்து கல்விப்புலத்தில் நிலவுகிறது. அச்சுநூற் பழக்கத்தால் வலுப்பெற்ற இக்கருத்து தமிழ் மரபிற்கு எந்த அளவு பொருந்தும் என்பது ஆய்விற்குரியது.

வாசித்தலும் ஒலியும்
வீணையை ‘வாசித்தல்’ என்பது தமிழ் வழக்கு. இச்சொல்லில் ஒலிப்பும் அடங்கும். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்குப் பங்கு ஒதுக்குகிறது. அங்கு வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர். வடதமிழகத் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்வது இம்மரபின் தொடர்ச்சி எனலாம்.

பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதிகள் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தவை. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இத்தகைய எல்லைப்பகுதிகளில், ஒரு மொழியைச் செவியால் நன்கறிந்தும் அதன் எழுத்தை அறியாதோர் இருப்பது இயல்பு. அவர்களுக்குச் செவியே நூலின் வாயில். அவர்கள் பெற்ற பாரத அறிவை நூலறிவன்று என ஒதுக்குதல் பொருந்தாது.

கேள்வியின் எல்லை
வள்ளுவர் கல்விக்கும் (அதி. 40) கேள்விக்கும் (அதி. 42) தனித்தனி அதிகாரம் வகுத்தார். கல்லாதவனும் கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே கேள்வி உயர்ந்தது. ஆயினும் கல்வியின் மறுபெயர் அன்று. உ.வே.சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ‘பாடங்கேட்டார்’ என்பதில் கேட்டலே கல்வியாகிறது. ஆனால் அங்கு ஏடு கையில் இருந்தது. ஐயம் எழுந்தால் வினவ ஆசிரியரும் இருந்தார். ஒலிநூலில் இவ்விரண்டும் இல்லை.

அயல்நாட்டு ஆய்வுகளும் ஒருமுகமாக இல்லை. ரோகோவ்ஸ்கி குழுவினரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு, கேட்போர், படிப்போர் ஆகியோரின் புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. டேனியல், வுடி ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்விலோ, பாடக்கட்டுரையை ஒலிவடிவில் கேட்ட மாணவர் படித்தோரைவிடத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். முன்னது பொதுவாசகருக்குரிய உரைநடை நூல், பின்னது பாடப்பொருள். ஆகவே நூலின் தன்மையும் கருதத்தக்கது.

செய்யுளில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையாகிறது. மடக்கிலும் சிலேடையிலும் சொற்பிரிப்பே பொருளைத் தீர்மானிக்கும். அச்சில் அதைப் பிரிப்பவர் வாசகர். ஒலிநூலில் குரல் தருபவர் தம் நிறுத்தத்தால் முன்னரே பிரித்துவிடுகிறார். எனவே ஒலிநூல் மூலத்தின் படி மட்டுமன்று. ஒருவகை உரையும் ஆகும்.

முடிவுரை
நூலின் பொருளை உணர்தலே வாசிப்பு எனின், ஒலிநூல் கேட்டலும் வாசிப்பே. பார்வைக் குறையுடைய ஆய்வாளரின் உழைப்பை ஐயுறுவதற்கு இடமில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தமும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவங்களில் நூல்களை ஆக்க இடமளிக்கிறது. பாடவேறுபாடு, யாப்பு முதலிய ஆய்வுகளில் மட்டும் எழுத்துவடிவத்தோடு ஒப்புநோக்கல் வேண்டும். பார்வைக் குறையுடையோர்க்குப் பிரெய்லும் திரைவாசிப்பு மென்பொருளும் அதற்குத் துணையாகும். ஒலிநூலை மேற்கோள் காட்டுவோர், உரையாசிரியர் பெயரைச் சுட்டுவதுபோல் குரல் தந்தவர் பெயரையும் சுட்டுதல் முறையாகும்.