பணத்துக்கு இரண்டு அலைவரிசைகள்

வானொலி நாடகத்தைப் பற்றி நமது விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். உரைச்சித்திரம் பற்றியும் மெல்லிசைப் பாடல் பற்றியும் ஆங்காங்கே குறிப்புகள் உண்டு. கலந்துரையாடல் மட்டும் விமர்சனத்தின் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறது. நாலு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசினார்கள், நேரம் முடிந்தது, எழுந்து போனார்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும் நம் வீடுகளில் அன்றாடம் காதில் விழுவது இந்தப் பேச்சுத்தான். அதிலும் பணம் பற்றிய பேச்சுக்கு அண்மைய ஆண்டுகளில் தனி இடம் கிடைத்திருக்கிறது. அதை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கவே இங்கு முயல்கிறேன்.

நான் இரத்மலானைவாசி. காலி வீதியில் ஓடும் 100, 101 ஆம் இலக்க பஸ்களில் பெரும்பாலும் சிங்கள எப்.எம். தான் ஒலிக்கும். வெள்ளவத்தையில் இறங்கினால் கடைகளிலிருந்து தமிழ் கேட்கும், கொட்டாஞ்சேனையிலும் அப்படியே. எங்கள் பகுதி முஸ்லிம் பிள்ளைகளில் பலர் சிங்கள மொழிமூலம் படிப்பவர்கள். உம்மாவின் பேச்சுக்கு அப்பால் அவர்களுக்குக் கிடைக்கும் தமிழில் பெரும் பங்கு வானொலியுடையது. கடன், வட்டி, காப்புறுதி, பணவீக்கம் என்ற சொற்களுக்குப் பொருளை அவர்கள் அங்குதான் தேட வேண்டியிருக்கிறது. எனவே அந்தச் சொற்கள் விளங்குகின்றனவா என்பதை வெறும் நடை பற்றிய கேள்வியாக ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பேச்சில் இரண்டு தமிழ்கள் உள்ளன. ஒன்று சுற்றறிக்கைத் தமிழ். 2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளிகளால் உயர்த்தியது. ‘துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம்’ 14.50 சதவீதமாயிற்று. அறிக்கைக்கு இந்தச் சொற்றொடர் பொருத்தமானதே. கலைச்சொல் துல்லியமாக இருந்தாக வேண்டும். ஆனால் ஒலிவாங்கியின் முன் அமரும் நிபுணரும் அதே தொடரை அப்படியே உச்சரித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார். அடுத்த முறை அடகு மீட்கப் போகும்போது எவ்வளவு கூடுதலாகக் கட்ட நேரும், புதிதாக லீசிங் எடுப்பவனுக்குத் தவணை எவ்வளவு ஏறும் என்று கேட்டுக்கொண்டிருப்பவர் அறியமாட்டார். அறிக்கை வாசிக்கப்பட்டது, உரையாடல் நிகழவில்லை.

மற்றது மிம்பர்த் தமிழ். இது காதுக்கு இனியது, நமக்குப் பழக்கமானது. ரிபா ஹராம், வீண்விரயம் கூடாது, ஹலாலான உழைப்பில் பரக்கத் உண்டு என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லும். இதில் ஒரு சொல்லோடும் எனக்குப் பிணக்கில்லை. எனினும் சூரா அல்பகராவில் வட்டியைக் கண்டிக்கும் வசனங்களை அடுத்து வருவது 282 ஆம் வசனம். அல்குர்ஆனிலேயே ஆக நீளமான வசனம் அதுதான். அது பேசுவது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி: தவணை, எழுதுபவர், சாட்சி என்று விபரமாக. நான் கேட்ட உரைகளில் முந்திய வசனங்களின் எச்சரிக்கை பலமுறை ஒலித்திருக்கிறது. இந்த வசனத்தின் நடைமுறை அபூர்வமாகவே ஒலித்திருக்கிறது. சாச்சாவிடம் வாங்கிய மூன்று இலட்சத்துக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் குடும்பங்கள் முகம் பார்க்காமல் போவது நம்மிடையே புதினமல்ல.

இந்த இரண்டு தமிழ்களும் வெவ்வேறு நிகழ்ச்சிகளில், வெவ்வேறு நேரங்களில் ஒலிக்கின்றன. பொருளாதாரம் பொதுச் சேவைக்கு, மார்க்கம் முஸ்லிம் நிகழ்ச்சிக்கு என்று பணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கேட்பவருடைய வாழ்க்கையோ அவ்வாறு பிரிந்திருக்கவில்லை. ஸகாத்தை எடுத்துக்கொள்வோம். 85 கிராம் தங்கத்தை நிஸாபாகக் கொண்டால் அது பத்தரைப் பவுணுக்குச் சற்றுக் கூட. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இருந்த பெறுமதி மே மாதத்தில் 360 ஐ எட்டியது. பத்து இலட்சம் ரூபா வைத்திருந்தவர் தம் கையில் ஒரு சதமும் குறையாமலே ஐயாயிரம் டொலரிலிருந்து இரண்டாயிரத்து எண்ணூறுக்கும் கீழே இறங்கினார். தங்கத்தின் ரூபா விலை ஏற ஏற, நிஸாபுக்குச் சற்று மேலே நின்ற குடும்பங்கள் அதற்குக் கீழே போயின. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. நேற்றுக் கொடுத்தவர் இன்று வாங்கும் நிலைக்கு வந்துவிட்டாரா, வெள்ளியின் நிஸாபைக் கொண்டால் கணக்கு எப்படி மாறும் என்ற கேள்விகளுக்கு ஆலிமும் பொருளியலாளரும் ஒரே மேசையில் இருந்தாலன்றி விடையில்லை.

இந்தப் பிரிவினை ஆபத்தானதும் கூட. பிரமுக வங்கி 2002 இல் மூடப்பட்டது. 2008 இல் சக்வித்தி, அந்த ஆண்டின் இறுதியில் கோல்டன் கீ. 2023 இல் மத்திய வங்கி பெயர் குறிப்பிட்டு வெளியிட்ட தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியல், அதிலிருந்த எம்.டி.எப்.இ. எனும் கைத்தொலைபேசித் திட்டம் அதே ஆகஸ்டில் சரிந்து போனது. வங்கிக் கணக்கையே சந்தேகிக்கும் பேணுதலான ஒருவரிடம் ‘இதில் வட்டி இல்லை, இலாபம்தான்’ என்று சொன்னால் போதும். ஒரு நிகழ்ச்சி அவருக்கு வட்டியைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மற்ற நிகழ்ச்சி மோசடியைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் முகவர் வந்து கதவைத் தட்டுகிறார்.

ஓர் அழைப்பைக் கற்பனை செய்துகொள்வோம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் பேசுகிறார்: “மகனுக்கு லீசிங்ல த்ரீவீலர் ஒண்டு எடுத்தோம். ரெண்டு தவணை பிந்திட்டுது. கூட்டாளி ஒருத்தர், போன்ல போடுற திட்டமொண்டு ஈக்கிது, வட்டியில்ல, ஹலால்தான் எண்டு செல்றாரு. நகைய வெச்சுப் போடலாமா?” சுற்றறிக்கைத் தமிழ் அவருக்கு வங்கித்தொழில் சட்டத்தைச் சொல்லும். மிம்பர்த் தமிழ் பேராசையைக் கண்டிக்கும். அவருக்குத் தேவைப்படுவது ஒரேயொரு எதிர்க்கேள்வி: “தாத்தா, அந்த இலாபம் எதை வித்து வருது?” இது பிக்ஹின் கேள்வி, கணக்காளரின் கேள்வியும் இதுவே. விற்கப்பட்ட பொருளோ செய்யப்பட்ட வேலையோ இல்லாமல், பின்னால் சேர்பவரின் காசே முன்னால் சேர்ந்தவருக்கு இலாபமாக வருமானால் மார்க்கமும் சட்டமும் ஒரே இடத்தில் விரலை வைக்கின்றன. புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் எந்த நானாவும் இந்தக் கேள்வியைக் கேட்பார். அவரைத்தான் நிகழ்ச்சிக்கு அழைப்பதில்லை.

அவர் பேசும் தமிழ் ‘தரமானது’ அல்ல என்ற தயக்கமும் இதில் இருக்கிறது. நமது பேச்சுமொழி இலங்கை வானொலியில் ஒலிக்காத ஒன்றல்ல. ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத்தில் எஸ். ராம்தாஸ் ஏற்ற மரிக்கார் பாத்திரம் அவரது பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. 1976 இல் அது ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்தது. நாடே ரசித்த நடிப்பு அது. என் ஆதங்கம் வேறு: சிரிப்பதற்கு ஏற்றதாக இருந்த மொழி, சிந்திப்பதற்கு ஏற்றதாக இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. நேயர் அழைத்தால் பெயரும் ஊரும் சொல்லி, ஒரு வரி கேட்டு, நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும்.

நேயரின் குரல் தயாரிப்பாளர் தரும் சலுகையல்ல என்பதை இந்த நாட்டின் உயர் நீதிமன்றம் 1996 இலேயே சொல்லிவிட்டது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றை 1995 இல் திடீரென நிறுத்தியது. அதில் தொலைபேசி மூலம் பங்குகொண்ட நேயர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பங்கேற்கும் நேயர் என்ற வகையில் அவரது பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதாக நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். நமது ஊடக மாநாடுகளில் அடிக்கடி நினைவுகூரப்பட வேண்டிய தீர்ப்பு இது. கொத்மலை சமூக வானொலியும் 1999 இல் தொடங்கிய இணையத் திட்டத்தில் நேயரின் கேள்வியை முதலில் வாங்கி, இணையத்தில் தேடி, வளவாளரை வைத்து அவர்களது மொழியில் விளக்கியது. கேள்வியிலிருந்து நிகழ்ச்சியைக் கட்டுவது நமக்கு அந்நியமான முறையல்ல.

நடப்பு விவகாரம் பேசுவதற்குத் தமிழ் ஒலிபரப்பாளர்கள் கொடுத்த விலையை நான் மறக்கவில்லை. ரேலங்கி செல்வராஜா 2005 ஆகஸ்டில் பம்பலப்பிட்டியில் கணவருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். சூரியன் எப்.எம். செய்தி முகாமையாளர் நடராஜா குருபரன் 2006 ஆகஸ்டில் கடத்தப்பட்டு மறுநாள் விடுவிக்கப்பட்டார். 2007 ஒக்டோபரில் அந்த நிறுவனத்தின் அலைவரிசைகள் அனைத்தினதும் அனுமதி இரத்தானது. அக்காலத்தின் அடக்கமான தொனிக்கு நியாயம் இருந்தது. ஆனால் த்ரீவீலர் தவணையைப் பற்றி விபரமாகப் பேசுவதற்கு அந்த அச்சம் தேவையில்லை.

நம் எழுத்தாளர்கள் பலர் முஸ்லிம் சேவைக்கு நாடகமும் உரைச்சித்திரமும் எழுதிப் பழகியவர்கள். பாத்திரத்துக்கேற்ற பேச்சை எழுதத் தெரிந்தவர்களுக்குக் கலந்துரையாடலை வடிவமைப்பது கடினமான காரியமல்ல. எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும், ஆலிம் முடித்த இடத்தில் கணக்காளர் எப்படித் தொடர வேண்டும், கலைச்சொல்லை எந்த உதாரணத்தால் அவிழ்க்க வேண்டும் என்பவையெல்லாம் எழுத்தின் வேலைகளே. ரமழானில் ஸகாத் பற்றிய நிகழ்ச்சிகள் வரும். அவற்றில் ஒன்றிலேனும் நிஸாபும் பணவீக்கமும் ஒரே மேசைக்கு வரட்டும். நேயருக்கு அரை நிமிடத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடம் கிடைக்கட்டும். அப்படியொரு நிகழ்ச்சி ஒலிபரப்பானால் அதன் எழுத்துப் பிரதியை இந்த இதழே வெளியிடலாம்; சிறுகதைக்குச் செய்வதைப் போலவே அதற்கும் விமர்சனம் எழுத நான் தயார்.