மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு வைட் லென்ஸ்

மாப்பிள்ளை அழைப்பு தெருவில் நகரும்போது படம் எடுப்பவருக்கு இரண்டு தொல்லை. பின்னால் நகர இடமிருக்காது. ஊர்வல விளக்கைத் தாண்டினால் வெளிச்சமும் இருக்காது. முதல் தொல்லைக்கு எந்த வைட் லென்ஸும் போதும். இரண்டாவதற்குத்தான் எஃப்/1.4 வரை திறக்கும் லென்ஸ் வேண்டும்.

சோனி ஏ6400 கேமராவில் சிக்மா 16 மி.மீ. எஃப்/1.4 மாட்டிப் பார்த்தேன். 2017-இல் வந்த லென்ஸ். ஏபிஎஸ்-சி சென்சாரில் இது ஃபுல் ஃப்ரேமின் 24 மி.மீ. அளவுக்கு அகலம் காட்டும். கேமராவோடு வரும் 16-50 கிட் லென்ஸும் அதே அகலத்தில் தொடங்குகிறது என்றாலும், அங்கே அதன் திறப்பு எஃப்/3.5 மட்டுமே. கணக்குப் போட்டால் சிக்மாவுக்குள் வருவது ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சம். கிட் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 6400 வைக்க வேண்டிய இடத்தில் இதில் 1000 போதும். பட்டுப்புடவையின் ஜரிகையில் வித்தியாசம் உடனே தெரியும். 6400-இல் ஜரிகையும் புள்ளி இரைச்சலும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

முழுதாகத் திறந்தால் ஃபோகஸ் ஒருவர் மேல்தான் நிற்கும் என்ற பயம் 85 மி.மீ. லென்ஸ் பிடித்துப் பழகியவர்களுக்கு உண்டு. வைட் லென்ஸில் அந்தப் பயம் பாதிதான் சரி. இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், எஃப்/1.4-இலேயே சுமார் 1.6 மீட்டரிலிருந்து 2.5 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். மாப்பிள்ளையும் மாலை பிடித்து நிற்கும் மச்சானும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். பின்னணியை வெண்ணெயாகக் கரைக்கத்தான் ஆசை என்றால் இந்த லென்ஸ் ஏமாற்றும்.

ஓரத்தில் ஆட்களை நிறுத்தாதீர்கள். குடும்பப் படத்தில் கடைசியில் நிற்கும் அத்தை இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரிவார், ஆல்பம் வந்ததும் முதல் புகார் அவரிடமிருந்துதான் வரும். இது சிக்மாவின் குறையல்ல, அகலப் பார்வையின் குணம். நேர்கோடுகள் வளைவது மட்டும் இந்த லென்ஸின் சொந்தச் சொத்து. அதை மென்பொருள் நிமிர்த்திவிடுகிறது.

எடை 405 கிராம். ஏ6400 பேட்டரியோடு சேர்த்தே 403 கிராம்தான், ஆகவே மூக்கு கனத்துக் கேமரா முன்பக்கம் சாய்கிறது. லென்ஸிலும் சரி, அந்த கேமராவிலும் சரி, நடுக்கத்தை அடக்கும் வசதி கிடையாது. நின்று படம் எடுக்கத் தொல்லையில்லை. நடந்துகொண்டே வீடியோ எடுப்பவர் கிம்பல் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும். ஃபோகஸ் மோட்டார் சத்தமே போடவில்லை. நாதஸ்வரத்துக்கு நடுவே அது கேட்டிருக்கவும் போவதில்லை.

நட்சத்திரம் பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்கும் இது ஒத்துவரும். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப்போய் வானாய்வுக் கூடம் கட்டியதற்குக் காரணம் உண்டே, அந்தப் பக்கத்து இருட்டு அப்படி. 24 மி.மீ. பார்வைக்கு 15 முதல் 20 விநாடி ஷட்டர் வைக்கலாம்; அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாக இழுபடும். எஃப்/1.4-இல் மூலை நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கிறது, கொஞ்சம் மூடினால் அடங்கும். லென்ஸில் தூர அளவுகோல் இல்லாததால், திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும்.

பட்ஜெட் இடம் கொடுத்தால் சோனியின் 15 மி.மீ. எஃப்/1.4 ஜி-யைப் பாருங்கள். 2022-இல் வந்தது, 219 கிராம்தான், அப்பர்ச்சர் வளையமும் உண்டு. ஏ6400-இன் சமநிலையும் கெடாது. விலைதான் எட்டி நிற்கிறது.

வீடியோ லைட் பளீரென எரியும் மண்டபத்துக்குள்ளேயே உங்கள் வேலை முடிந்துவிடுமா? எஃப்/1.4-க்குக் காசு கொட்ட வேண்டாம். திருமலை நாயக்கர் மகால் தூண்கள் போன்ற அசையாத பொருள்தான் உங்கள் விருப்பம் என்றாலும் அப்படியே. ட்ரைபாட் அனுமதிக்கும் இடத்தில் ஷட்டரை எவ்வளவு நேரமும் திறந்து வைக்கலாம். அங்கே சிக்மாவின் 10-18 எஃப்/2.8 ஜூம்தான் என் தேர்வு: 260 கிராம், இன்னும் அகலம். தெருவில், இரவில், ஆடிக்கொண்டு வரும் கூட்டத்துக்குத்தான் 16.